நாலு கிரஷர் ஓனரும் கைய விரிச்சா யார்கிட்ட கேக்குறது?

வணக்கம் அண்ணே, பொன்னமராவதி பக்கத்துல இருந்து எழுதுறேன். எங்க சித்தப்பாவுக்கு 50 வயசு, நாலு ஓனர்கிட்ட மாறி மாறி கல் கிரஷர்லயே இருந்தவர். டிபின்னு சொல்லி ரெண்டு தடவ மாத்திரை குடுத்தாங்க, கேக்கல. இப்ப மதுரையில ஸ்கேன் எடுத்துட்டு சிலிக்கோசிஸ், கல்லுத் தூசியால வர்ற நுரையீரல் நோயிங்கிறாங்க. போன வருஷம் தை மாசத்தோட வேலைக்கு போறது நின்னுருச்சு. கடைசி ஓனர் இருபதாயிரம் தாரேன், இனிமே பாக்கி எதுவும் இல்லன்னு பத்திரத்துல கையெழுத்து போடுங்கங்கிறார். மத்த மூணு பேரும் எங்ககிட்ட இருந்தப்ப நல்லாத்தான இருந்தார்னு கைய விரிக்கிறாங்க. வாங்கிக்கலாமாண்ணே?

தம்பி,

கையெழுத்து போட வேணாம்னு இன்னைக்கே சித்தப்பாட்ட சொல்லிருங்க. அப்படியே போட்டிருந்தாலும் பயப்படாதீங்க, 1923-ம் வருஷத்து தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல 17-வது பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு, இப்பவும் அதே விதிதான், இழப்பீட்டு உரிமைய விட்டுத்தாரேன்னு தொழிலாளி எழுதிக் குடுத்த பத்திரம் செல்லாது.

அடுத்து கணக்கு. மாசச் சம்பளம் 15,000ன்னு வச்சுக்குவோம், அதுல 60 சதவீதம் 9,000. 50 வயசுக்கு சட்டத்துல போட்டிருக்கிற எண் 153.09. பெருக்குனா 13,77,810 ரூபா வருது. இது இனி எந்த வேலையும் பாக்க முடியாதுன்னு ஆன ஆளுக்கு, ஓரளவு முடியும்னா அதுக்கு தக்கன குறையும். இதுக்குப் பதிலாத்தான் இருபதாயிரத்த நீட்டுறாங்க, எனக்கு படிக்கிறப்பவே வயிறு எரியுது. அந்தச் சட்டம் இப்ப 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிருச்சு, ஆனா கணக்கு போடுற முறை அதேதான்.

நாலு ஓனர் விஷயத்துக்கு வாரேன், ஏன்னா நம்ம பக்கம் நெறைய பேர் இதுலதான் மனசு விட்டுர்றாங்க. சிலிக்கோசிஸ் ஒரு நாள்ல வர்ற நோய் இல்லன்னு சட்டத்துக்கும் தெரியும், அதனால பல ஓனர்கிட்ட வேலை பாத்து வந்த நோயின்னா அத்தன பேரும் பொறுப்பு, யார் எவ்வளவு குடுக்கணும்னு இழப்பீட்டுக் கேஸ விசாரிக்கிற அதிகாரி பிரிச்சு சொல்லுவார்னு அதுலயே எழுதியிருக்கு. எங்ககிட்ட இருந்தப்ப நல்லாத்தான இருந்தார்ங்கிறது ஒரு பதிலே இல்ல தம்பி. கிரஷர் பக்கத்துல வேப்ப மரமே தூசி படிஞ்சு வெள்ளையா நிக்கும் பாத்திருப்பீங்க, அந்தத் தூசியாச்சும் சளியோட வெளிய வந்துரும், கண்ணுக்கே தெரியாத நைஸ் தூசிதான் நுரையீரல் அடி வரைக்கும் போயி உக்காந்து தழும்பாக்குது, மூக்குல துண்டு கட்டுனா அது நிக்காது, கல்லு அரைபடுற எடத்துலயே தண்ணி அடிக்கணும். அத செய்யாம மிச்சம் புடிச்ச காசு நாலு பேர்கிட்டயும்தான் இருக்கு.

கோத்ராவுல குவார்ட்ஸ் கல் அரைக்கிற மில்லுகள்ல வேலை பாத்து, மத்தியப் பிரதேசத்துல சொந்த ஊருக்கு திரும்பி செத்துப்போன 238 பேர் குடும்பத்துக்கு ஆளுக்கு 3 லட்சம் குடுக்கச் சொல்லி 2016-ல சுப்ரீம் கோர்ட் குஜராத் அரசுக்கு உத்தரவு போட்டுச்சு. ராஜஸ்தான்ல 2019-ல ஒரு கொள்கையே கொண்டு வந்தாங்க, நோய்னு சர்ட்டிபிகேட் ஆன உடனே 3 லட்சம், இறந்துட்டா குடும்பத்துக்கு 2 லட்சம். உசுரோட இருக்கும்போதே கைக்கு காசு வர்ற அந்த ஏற்பாடு சிவகங்கை, புதுக்கோட்டை கிரஷர் ஆளுகளுக்கும் வேணும்னு நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்.

வாரச் சம்பளத்த கையில வாங்கின மனுசனுக்கு சம்பளச் சீட்டு எங்க இருக்கும்? அதனால கூட வேலை பாத்தவங்கள்ல ரெண்டு மூணு பேர் சாட்சிக்கு வருவாங்களான்னு கேளுங்க, பேங்க்ல எப்பவாச்சும் பணம் போட்டிருந்தா பாஸ்புக்க எடுத்து வைங்க, நல வாரிய அட்டை இருந்தா அதுவும். ஆஸ்பத்திரி சீட்டுல பெரும்பாலும் கூலின்னு மட்டும் எழுதியிருப்பாங்க, டாக்டர்கிட்ட சொல்லி கல் கிரஷர்ல இத்தன வருஷம்னு எழுதி வாங்குங்க, பழைய டிபி சீட்டு எதையும் தூக்கிப் போட்டுறாதீங்க.

நோயால வேலைக்கு போறது நின்ன நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள மனு குடுக்கணும். தை மாசத்துல இருந்து எண்ணிப் பாருங்க தம்பி, இந்த மாசமே தொழிலாளர் துறை ஆபீஸுக்கு போயி மனுவ குடுத்துட்டு, வாங்கினதுக்கு சீல் வச்சுத் தரச் சொல்லுங்க.