திரைச்சீலையும் விரிப்பும் போட்டால் அறையில் எதிரொலி ஏன் குறைகிறது?

அலங்காரத் துணிகள் என்றால் திரைச்சீலை, தரைவிரிப்பு, திண்டு உறை, சுவரில் தொங்கும் நெசவு எல்லாம்தான். அழகு ஒரு பக்கம் இருக்கட்டும்; காலி அறையில் பேசினால் கணீரென்று எதிரொலிக்கிறதே, அதை அடக்குவதும் இவைதான். வெறும் சுவரும் தரையும் ஒலியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். துணியின் இழைகளுக்குள் நுழையும் ஒலியோ உராய்ந்து உராய்ந்து துளி வெப்பமாகிக் கரைந்துபோகும். பந்தைச் சுவரில் எறிந்தால் கைக்குத் திரும்பும். பஞ்சுத் தலையணையில் எறிந்தால் அங்கேயே விழும், அதே கதைதான்.

அதனால் திரைக்குச் சன்னல் அகலத்தைப் போல 2 மடங்கு துணி எடுங்கள். மடிப்பு மடிப்பாக விழும் கனத்த துணி ஒலியைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும், பார்க்கவும் அத்தனை அழகு.

அப்புறம், கனமான திரை போட்டால் தெருச் சத்தம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது, அதற்குச் சன்னல் இடுக்குகளை அடைக்க வேண்டும்.