அரசமைப்புச் சட்டமே சமரசங்களால் ஆனது என்கிறார்களே, உங்கள் ஊரில் அதற்கு ஓர் உதாரணம் உண்டா?

சேலத்துக்காரன் என்றால் ராஜாஜியில் தொடங்கி இந்தி, முன்ஷி–அய்யங்கார் ஏற்பாடு, ஆங்கிலத்துக்குக் கொடுத்த 15 ஆண்டு தவணை என்று போவான் என எதிர்பார்ப்பீர்கள். அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மலையேறுகிறேன்.

சேலத்தில் டிஎன்பிஎஸ்சி வகுப்பு எடுக்கிறேன். ஒருநாள் அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணை (அதில் சேர்த்த பழங்குடிப் பகுதிகளை, அதாவது 'அட்டவணைப் பகுதிகளை', எப்படி நிர்வகிப்பது என்று சொல்வது) நடத்தும்போது ஒரு மாணவி, "சார், இதுல எங்க ஏற்காடு எங்க வருது?" என்றாள். தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிற மலையாளிப் பெண். (கேரளத்துக்காரர் அல்ல, சேர்வராயன் மலைப் பழங்குடியினருக்கு அதுதான் பெயர்.) வராதும்மா என்றேன். "ஏன் சார்?" எனக்குத் தெரியவில்லை. "சிலபஸ்ல இல்ல" என்று சமாளித்தேன். அந்த வெட்கத்தில்தான், அரசமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையின் விவாதங்களை எடுத்து உட்கார்ந்தேன்.

1946 டிசம்பர் 19. சோட்டா நாக்பூரின் முண்டா பழங்குடியைச் சேர்ந்த ஜெய்பால் சிங் பேசுகிறார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நம் ஹாக்கி அணிக்குத் தலைவராக இருந்தவர். பழங்குடிகளுக்கு நீங்கள் ஜனநாயகம் சொல்லித்தர முடியாது, நீங்கள்தான் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார். சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மலையைப் பிரித்து, நாட்டுக்கு நாடு தலைவர் வைத்துக்கொண்டவர்களின் பேத்திக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை.

பிறகுதான் பேரம். 1948 அரசமைப்பு வரைவில், பழங்குடியினர் ஆலோசனைக் குழு சொன்னால், ஒரு சட்டம் அட்டவணைப் பகுதிக்குப் பொருந்தாது என்று ஆளுநர் அறிவிக்கலாம். 1949 செப்டம்பர் 5 அன்று அம்பேத்கர் கொண்டுவந்த திருத்திய வடிவில் முடிவு ஆளுநர் கைக்குப் போய்விட்டது. நிலம் கைமாறுவதைத் தடுக்கும் விதிகளைப் போடும் முன் குழுவைக் கலந்தால் போதும். குழுவை வலுவிழக்கச் செய்துவிட்டீர்கள் என்று ஜெய்பால் சிங் குறைபட்டார். எனக்கும் அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. குழுவும் இருக்கட்டும், அது யாரையும் கட்டுப்படுத்தாமலும் இருக்கட்டும் என்பதுதான் அங்கே நடந்த சமரசம்.

சரி, ஏற்காடு எங்கே? அட்டவணைப் பகுதிகளின் வரைபடம் பெரும்பாலும் வெள்ளைக்காரன் விட்டுப்போனது. 1935 இந்திய அரசுச் சட்டத்தின் கீழ், பொதுச் சட்டங்கள் தாமாகப் பொருந்தாத 'விலக்கப்பட்ட', 'பகுதி விலக்கப்பட்ட' பகுதிகள் என்று ஒரு பட்டியல் இருந்தது. சென்னை மாகாணத்து மலைகளில் அதில் இருந்தவை கோதாவரி, விசாகப்பட்டினம் ஏஜென்சி மலைகள். 1820களிலேயே கலெக்டர் காக்பர்ன் காப்பி கொண்டுவந்து, பிறகு துரைமார் எஸ்டேட்டுகள் நிறைந்த சேர்வராயன் அதில் இல்லை. ஆந்திரம் பிரிந்தபோது அந்த மலைகளும் போயின. இன்றுவரை தமிழ்நாட்டில் ஓர் அங்குலம்கூட அட்டவணைப் பகுதி கிடையாது. அதனால் பழங்குடிக் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் மலையேறவில்லை.

ஆனால் அட்டவணையின் 4ஆம் பத்தியில் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அட்டவணைப் பகுதி இல்லாத, ஆனால் பழங்குடியினர் இருக்கும் மாநிலத்திலும், குடியரசுத் தலைவர் பணித்தால் ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும். அப்படித்தான் தமிழ்நாட்டுக்கும் ஒரு குழு கிடைத்தது. அதிகபட்சம் 20 பேர், ஏறத்தாழ முக்கால்வாசி பழங்குடி எம்எல்ஏக்கள். நம்மிடம் பழங்குடியினருக்கான தனித்தொகுதிகளே இரண்டுதான், ஏற்காடும் சேந்தமங்கலமும். எம்எல்ஏ போதாவிட்டால் மீதி இடத்துக்குப் பழங்குடியினரில் வேறு ஆட்களைப் போடலாம் என்று அதற்கும் வழி எழுதி வைத்திருக்கிறார்கள்!

அடுத்த வாரம் அவளைக் கூப்பிட்டு இவ்வளவையும் சொன்னேன்.

"அப்ப எங்க எம்எல்ஏ அந்தக் குழுவுல இருக்கணும்ல சார்?"

"இருக்கணும்மா."

"கடைசியா எப்பக் கூடுனாங்கன்னு கேட்டுப் பாக்கறேன்" என்று நோட்டில் குறித்துக்கொண்டு, கடைசி பஸ் போய்விடும் என்று ஓடினாள்.