இரண்டு கடைவாய்ப் பல், மூன்று விலை: தபால் ஆபீஸ் டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 66 வயது, தனியார் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தாடையில் இடது பக்கம் கடைசி இரண்டு பல்லும் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. சோற்றைக்கூட ஒரு பக்கமாகவே மென்று விழுங்குகிறார். இம்ப்ளாண்ட் வைக்கலாம் என்று விசாரித்தோம். அம்பாசமுத்திரத்தில் பல் ஒன்றுக்கு 22,000 ரூபாய் என்றார்கள். பாளையங்கோட்டையில் 38,000. மகன் கூட்டிக்கொண்டு போன கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டுக்கும் சேர்த்து 1,30,000, வட்டியில்லாத மாதத் தவணையில் கட்டலாம் என்றார்கள். 2023 ஏப்ரலில் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்பில் 6 லட்சம் போட்டோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 12,300 வட்டி வருகிறது. பென்ஷனிலும் மகன் அனுப்புவதிலும் வீடு ஓடுவதால் வட்டியைத் தொடுவதில்லை. போன வருஷம் கண் ஆபரேஷனுக்குச் செலவழித்தது போக 38,000 இருக்கிறது. பிசான அறுவடை முடிந்தால் வயல் குத்தகைப் பணம் 30,000 வரும். நகை நாலு பவுன் உண்டு. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, வெற்றிலை போடும் பழக்கமும் இருக்கிறது. எது நியாயமான விலை? டெபாசிட்டை உடைக்கவா, தவணை எடுக்கவா, நகையை வைக்கவா?

பதில்: டெபாசிட்டை உடைக்க வேண்டாம்மா. தவணையும் வேண்டாம், நகையும் பெட்டியிலேயே இருக்கட்டும். கையில் இருக்கும் பணத்திலும் வரப்போகும் பணத்திலுமே இதை முடிக்கலாம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வைத்தியத்தில் விலை எங்கே ஏறும் என்று தெரியாமல் பணத்துக்கு அலையும்போதுதான் தேவையில்லாத கடன் வந்து சேர்கிறது.

மூன்று இடத்திலும் உங்களுக்குச் சொன்னது ஒரே பொருளின் விலையாக இருக்காது. ‘ஒரு பல்’ என்று நாம் சொல்வது இதில் மூன்று துண்டு. எலும்புக்குள் இறக்கும் டைட்டானியம் திருகு ஒன்று. அதன் தலையில் பூட்டும் இணைப்புத் துண்டு ஒன்று. டாக்டர்கள் அபட்மென்ட் என்பார்கள். அதற்கு மேல் பல் மாதிரி தெரியும் கேப். 22,000 என்று சொன்னவர் மூன்றையும் சேர்த்துச் சொன்னாரா, திருகை மட்டும் சொன்னாரா என்பது கேட்டால்தான் தெரியும். 38,000 சொன்ன இடத்தில் எல்லாம் அடக்கம் என்றால், அதுவே மலிவாகக்கூட இருக்கலாம்.

என் அம்மாவுக்கு இப்படி நடந்திருக்கிறது. 18,000 என்ற பேச்சை நம்பி அந்தப் பணத்தோடு போனோம். திருகு வைத்து நாலு மாதம் கழித்துக் கேப் போடப் போனபோதுதான், இணைப்புக்குத் தனி, கேப்புக்குத் தனி என்று சொன்னார்கள். திருகு எலும்பில் பிடித்துவிட்ட பிறகு வேறு இடத்துக்கு எப்படிப் போவது? கடைசியில் 34,000 ஆனது. வேலை சுத்தமாகத்தான் இருந்தது, அம்மா இன்றைக்கும் அந்தப் பல்லில்தான் மெல்லுகிறார். ஆனால் முதல் நாளே முழுத் தொகையையும் சொல்லியிருந்தால் நான் வேறு விதமாக ஏற்பாடு செய்திருப்பேன். அதனால்தான், எழுதி வாங்காமல் எந்த இடத்திலும் முன்பணம் கொடுக்காதீர்கள் என்று எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன்.

அந்த எஸ்டிமேட்டில் திருகு, இணைப்பு, கேப், ஆபரேஷன் கட்டணம், ஸ்கேன், எலும்பு வைக்க வேண்டியிருந்தால் அதன் தொகை, இடையில் பார்க்க வரும் கட்டணம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். எந்தக் கம்பெனித் திருகு, கேப் என்ன பொருள் என்பதும் வேண்டும். இதைத் தரத் தயங்குகிற இடத்துக்குப் போக வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் விலையை அதிகம் ஆட்டப் போவது எலும்புதான். பல் விழுந்த இடத்தில் தாடை எலும்பு நாளாக நாளாகக் கரைந்து உயரமும் அகலமும் குறையும். அவருக்கு மூன்று வருஷம் ஆகிவிட்டது. கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது, திருகு அதைத் தொட்டுவிடக் கூடாது. அதற்கு மேலே போதுமான எலும்பு இருக்கிறதா என்று சிபிசிடி என்ற ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். சுமார் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் ஆகும். எலும்பு போதவில்லை என்றால் எலும்புப் பொடி வைத்து வளர்க்க வேண்டும். அதற்குப் பத்தாயிரமோ அதற்கு மேலோ கூடும், காத்திருக்கும் காலமும் நீளும். கோயம்புத்தூர் கணக்கில் இது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேன் எடுக்காமல் சொன்ன விலை எதுவானாலும் அது தோராயம்தான். ஆகவே முதலில் ஸ்கேனுக்கு மட்டும் செலவழியுங்கள். அதன் பதிவு உங்கள் கைக்கு வந்துவிட்டால் எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

அடுத்தது கம்பெனி. ஸ்விட்சர்லாந்தின் ஸ்ட்ராமன், நோபல் பயோகேர் போன்றவை விலை உயர்ந்தவை. தென்கொரியாவின் ஆஸ்டெம், டென்டியம் போன்றவை நடுத்தர விலை. அதற்கும் கீழே பல பெயர்கள் உண்டு. கேப் உட்பட எல்லாம் சேர்த்து ஒரு பல்லுக்குச் சுமார் 25,000 முதல் 60,000 வரை நம் நாட்டில் பரவலாக வாங்குகிறார்கள் என்றால், அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு திருகின் பெயருக்கு, இன்னொரு பங்கு டாக்டரின் அனுபவத்துக்கும் ஊருக்கும். உங்களுக்கு உலகத்திலேயே விலை கூடிய திருகு தேவையில்லை. ஆனால் யாருக்கும் தெரியாத பெயரும் வேண்டாம். பத்து வருஷம் கழித்து இணைப்புத் துண்டு தளர்ந்தால், அதே கம்பெனியின் உதிரி கிடைக்க வேண்டும். கேப்பில் சிர்கோனியா என்ற கெட்டியான பீங்கான் வகை விலை கூட, உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது குறைவு. கடைவாய்க்குள் வெளியே தெரியாத இடம் என்பதால், டாக்டர் சரி என்றால் குறைந்ததையே போடலாம்.

‘லைஃப்டைம் வாரண்டி’ என்று சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் அது கம்பெனி திருகை மாற்றிக் கொடுப்பதுதான். மறுபடி ஆபரேஷன் கட்டணமும் கேப்பும் உங்கள் கையிலிருந்து போகலாம். திருகு நெடுநாள் நிற்கும். 1965இல் சுவீடனில் முதன்முதலாக இதை வைத்துக்கொண்டவர் நாற்பது வருஷத்துக்கு மேல் அதிலேயே சாப்பிட்டார். கேப் அப்படி இல்லை, பத்துப் பதினைந்து வருஷத்தில் மாற்ற வேண்டிவரலாம்.

இனி, பணம் பாதியாகக் குறையக்கூடிய ஒரு கேள்வி. இரண்டு பல்லுமே வைக்க வேண்டுமா? கடைசிப் பல் இல்லாமல், அதற்கு முந்தினதை மட்டும் வைத்தாலே மெல்லுவதற்குப் போதும் என்று டாக்டர்கள் சொல்வது உண்டு. மேலே எதிர்ப்பல் இருந்தால் அது கீழே இறங்கிவரும் என்பது போன்ற காரணங்களால் இரண்டும் வேண்டும் என்றும் சொல்லலாம். முடிவு டாக்டருடையது, ஆனால் நீங்கள் வாய்விட்டுக் கேட்டால்தான் அந்தப் பேச்சு வரும். இரண்டு பக்கத்துப் பல்லையும் பிடித்து நிற்கும் பிரிட்ஜ் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு பல் இருந்தால்தான் அது சரிவரும், உங்கள் வீட்டுக்காரருக்கு அங்கே பல் இல்லை. கழற்றி மாட்டும் கட்டுப்பல் சில ஆயிரத்தில் முடியும். உடம்புக்கு ஆபரேஷன் ஒத்துவராது என்றால் அதுவும் நல்ல வழிதான்.

சர்க்கரையையும் வெற்றிலையையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். இதை நான் பணத்தின் பக்கமிருந்தே சொல்கிறேன். இம்ப்ளாண்ட் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நல்லபடியாகப் பிடித்துக்கொள்ளும். பிடிக்காமல் போகிறவர்களில் சர்க்கரை கட்டுப்படாதவர்களும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களும் அதிகம். போனால் திருகோடு பணமும் போகும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையைச் சில நூறு ரூபாயில் எடுத்துவிடலாம். அது கூடுதலாக இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதுதான் சிக்கனம். வெற்றிலையோடு புகையிலையும் சேர்ப்பார் என்றால், அதை விட்ட பிறகு நாள் குறியுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். இந்த வைத்தியம் ஒரே நாளில் முடிவதில்லை. திருகு வைத்த பிறகு அது எலும்போடு ஒட்டுவதற்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், கேப் அதன் பிறகுதான். உங்களுக்கு இது பெரிய சௌகரியம். இப்போது புரட்டாசி. அக்டோபர் வட்டி வந்ததும் கையில் 50,300 இருக்கும். ஐப்பசியில் திருகு வைத்தால், மாசி, பங்குனியில் பிசானம் அறுத்துக் குத்தகைப் பணம் வரும் நேரத்தில் கேப் போடலாம்.

பாளையங்கோட்டை விலையை ஒட்டி, ஒரு பல்லுக்குத் திருகு வரைக்கும் 20,000, இணைப்பும் கேப்பும் 18,000 என்று பிரித்துக்கொள்வோம். ஒரு பல் என்றால் ஸ்கேன் 2,500, திருகு 20,000, எலும்புப் பொடி தேவைப்பட்டால் 10,000, ஆக 32,500. மீதி 17,800 உங்களிடமே இருக்கும். ஜனவரி வட்டி சேர்ந்தால் 30,100. கேப்புக்கு 18,000 கொடுத்தாலும் 12,100 மிஞ்சும், குத்தகைப் பணத்தைத் தொடவே வேண்டியதில்லை.

இரண்டு பல் என்றால் முதல் கட்டத்துக்கு 2,500, 40,000, பொடிக்கு இரண்டு இடமும் சேர்த்து 15,000, ஆக 57,500. கையிருப்புக்கு மேல் 7,200 குறையும். ஜனவரியில் தருகிறேன் என்று டாக்டரிடமே கேட்கலாம், இல்லை மகன் மூன்று மாதத்துக்குக் கொடுக்கட்டும். ஜனவரி வட்டி வந்து அதை அடைத்தால் 5,100 நிற்கும். குத்தகைப் பணம் சேர்ந்தால் 35,100. கேப்புக்கு 36,000 ஆகும். இந்த 900 ரூபாய் ஏப்ரல் வட்டியில் சரியாகிவிடும். நடக்கும், ஆனால் இடையில் ஒரு காய்ச்சல் செலவு வந்தாலும் கை காய்ந்துவிடும். எனக்கு மனதுக்குப் பிடித்த வழி, டாக்டர் ஒத்துக்கொண்டால் ஒரு பல்லை முதலில் வைத்து, மற்றதை அடுத்த வருஷம் பார்ப்பது.

டெபாசிட்டை ஏன் உடைக்க வேண்டாம்? மூத்த குடிமக்கள் சேமிப்பில் வேண்டியதை மட்டும் எடுக்கும் வசதி கிடையாது, கணக்கையே முடிக்க வேண்டும். இரண்டு வருஷம் தாண்டி ஐந்து வருஷத்துக்குள் முடித்தால் போட்ட தொகையில் 1 சதவீதம், அதாவது 6,000 ரூபாய் பிடிப்பார்கள். உங்களுக்கு 8.2 சதவீதம் 2028 வரை மாறாமல் நிற்கிறது. திரும்பப் போடப் போகும்போது அன்றைய வட்டி என்னவோ அதுதான்.

தவணை விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. வட்டியில்லாத் தவணை என்று உண்மையில் ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கியே 2013இல் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி விலைக்குள் ஏறியிருக்கும், அல்லது பிராசசிங் கட்டணமாகவும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியாகவும் வரும். முழுப் பணத்தையும் இன்றே கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். குறைக்கிற தொகைதான் அந்த வட்டி. இதைவிடப் பெரிய சங்கடம் வேறு. கடன் கம்பெனி பெரும்பாலும் முழுத்தொகையையும் முதலிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடும். திருகு பிடிக்கவில்லை, வேலை பிடிக்கவில்லை என்றாலும் ஒரு வருஷத் தவணை என்றால் மாதம் 10,834 ரூபாய் உங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். கட்டம் கட்டமாகக் கொடுத்தால் அடுத்த கட்டத்துப் பணம் உங்கள் கையில் இருக்கும், கேள்வி கேட்கும் பலமும் இருக்கும். நகைக்கடன் இதைவிடத் தேவலாம், ஆனால் உங்கள் கணக்கில் அதற்கு வேலையே இல்லை.

கோயம்புத்தூருக்குப் போவதையும் யோசியுங்கள். தையல் பிரிக்க, அளவு எடுக்க, கேப் மாட்ட, அப்புறம் கடி சரிபார்க்க என்று ஐந்தாறு நடை உண்டு. கல்லிடைக்குறிச்சியில் ரயிலேறினால் திருநெல்வேலி, அங்கிருந்து பாளையங்கோட்டை கூப்பிடு தூரம். நள்ளிரவில் வலித்தாலும் காலையில் போய் நிற்கலாம். காவல்கிணறு பக்கம் தனியார் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிகளில் கட்டணம் பொதுவாகக் குறைவு, நாள்தான் கூடப் பிடிக்கும்.

மருத்துவக் காப்பீடு இருந்தாலும், விபத்தில் போன பல்லாக இல்லாவிட்டால் சாதாரண பாலிசிகள் இதற்குத் தராது. பல் வைத்தியத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, பில்லில் தனியாக ஜிஎஸ்டி போட்டால் என்னவென்று கேளுங்கள். உங்கள் இருவருக்கும் காப்பீடு இல்லை என்றால், மகனுக்கு ஒரு வழி இருக்கிறது. அவர் பழைய வரி முறையில் இருந்து, பெற்றோரின் வைத்தியச் செலவைத் தன் வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டினால், வருமான வரியில் வருஷம் 50,000 வரை கழிவு கேட்கலாம். ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது, புது வரி முறையிலும் கிடையாது. அவர் எந்த முறையில் இருக்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பொருந்துமானால், மகன் தன் வருமானத்திலிருந்து கட்டும் பங்குக்கு இது உதவும்.

ஒவ்வொரு திருகின் டப்பாவிலும் கம்பெனி பெயர், அளவு, தொகுப்பு எண் அச்சிட்ட சிறு ஸ்டிக்கர் இருக்கும். ஆபரேஷன் அன்றே அதை உங்கள் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பின்னால் எந்த ஊரில் எந்த டாக்டரிடம் போனாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான். வீட்டுக்கு வந்ததும் தபால் ஆபீஸ் பாஸ்புக் இருக்கும் பையிலேயே அதையும் வைத்துவிடுங்கள்.