நச்சுச் சோதனையில் நிலவேம்புச் சாறு, உடல் எடைக்கு 2000 மி.கி./கிலோ: மூன்றில் ஓர் எலி பத்து நிமிடத்தில் இறந்தது ஏன்?

இதை வைத்துச் சாறு நச்சு என்று எழுதிவிடாதீர்கள். ஒன்று மட்டும், அதுவும் இவ்வளவு சீக்கிரம் என்றால், மருந்து மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

உடனே உடலைத் திறந்து பாருங்கள். நுரையீரலில் நுரையோ சாறோ இருந்தால், அல்லது உணவுக்குழாய் கிழிந்திருந்தால், பிழை கொடுத்த விதத்தில்.

அடுத்த முறை, மருந்தை வயிற்றில் இறக்கும் வாய்வழி ஊசியை மூக்கு நுனியிலிருந்து கடைசி விலா வரை அளந்து குறியிடுங்கள். உள்ளே போகாமல் தட்டினால் தள்ளவே கூடாது, வெளியே எடுங்கள். கொடுக்கும் திரவம் 100 கிராம் எடைக்கு 1 மி.லி.யைத் தாண்டக் கூடாது; நீர்க்கரைசல் என்றால் 2 வரை போகலாம்.

நுரையீரல் சுத்தமாக இருந்தால் அது மருந்தின் கணக்கில்தான் சேரும். அப்போது ஓஇசிடி 423 என்ற வாய்வழி நச்சுச் சோதனை வழிகாட்டியின்படி இன்னும் மூன்று எலிகளுக்கு அதே 2000 மி.கி./கிலோ. எதுவானாலும் பதிவேட்டிலிருந்து அந்தச் சாவை நீக்காதீர்கள். அனுமதித்த எலி எண்ணிக்கையை மீற வேண்டியிருந்தால் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் முதலில் கேளுங்கள்.