வாலாட்டுகிறவனை எப்படி அனுப்பி வைப்பது?

கேள்வி: எங்கள் டிங்குவுக்கு 13 வயது. லாப்ரடார் நாய். சிறுநீரக நோய், கடைசிக் கட்டம் என்கிறார் டாக்டர். தோலுக்கடியில் டிரிப்ஸ் ஏற்றுகிறோம், மாத்திரை கொடுக்கிறோம். கையால் ஊட்டினால் இரண்டு வாய் சாப்பிடுகிறான், அதையும் வாந்தி எடுத்துவிடுகிறான். பின்னங்கால்கள் நிற்பதில்லை. படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்கிறான். "ஊசி போட்டுவிடுவதுதான் அவனுக்கு நல்லது, யோசித்துச் சொல்லுங்கள்" என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. கணவர் சரி என்கிறார். என் அண்ணனோ, "உன்னை நம்பி வளர்ந்த ஜீவனை நீயே கொண்டுபோய்க் கொல்லப் போகிறாயா?" என்று கேட்டுவிட்டார். 9 வயது மகனிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. முடிவெடுத்துவிட்டேன் என்று நினைக்கும்போதெல்லாம், நான் கேட்டைத் திறக்கும் சத்தத்துக்கு அவன் வால் ஆடுகிறது. வாலாட்டுகிறவனை எப்படி ஊசிக்குத் தூக்கிப் போவேன்? நான் செய்யப் போவது கொலையா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கொலை இல்லை, சகோதரி. அந்த வார்த்தையோடு நீங்கள் ஒரு வாரம் தூங்காமல் இருந்திருப்பீர்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிங்கு பிழைப்பானா என்பது இப்போது உங்கள் கையில் இல்லை. நாள்பட்ட நோயில் சிறுநீரகம் இழந்த வேலைத்திறன் திரும்ப வராது. டிரிப்ஸும் மாத்திரையும் மிச்சம் இருப்பதைத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். எப்படிப் போகப் போகிறான் என்பது மட்டும்தான் உங்களிடம் விடப்பட்டிருக்கிறது. ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்தால் அவன் ஒருநாள் தூக்கத்திலேயே போய்விடுவான் என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் வேண்டிக்கொள்கிறோம். ஆனால் ரத்தத்தில் கழிவு சேர்ந்துகொண்டே போகும்போது ஓயாத குமட்டல், வாய்க்குள் புண், கடைசியில் சில சமயம் வலிப்பு என்றுதான் அந்த வழி போகிறது. அது நாள்கணக்கில் நீளலாம். அந்த நாட்களை அவன் படவேண்டுமா, அல்லது அதற்கு முன்பே அவனை அனுப்பி வைத்துவிட்டு அந்த வேதனையை நீங்கள் வாங்கிக்கொள்வதா? உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி இதுதான். இரண்டிலும் வலி உண்டு. யாருக்கு என்பதில்தான் வித்தியாசம்.

அண்ணனிடம் வாதாடாதீர்கள். அவருக்கும் அவன்மீது பாசம் இருக்கிறது, அது அப்படி வெளிப்படுகிறது. ஆனால் இரவு 2 மணிக்கு எழுந்து நனைந்த துணியை மாற்றுகிறவர் அவர் இல்லையே. அடுத்தமுறை அந்தப் பேச்சை எடுத்தால், ஒரு ராத்திரி டிங்கு பக்கத்தில் படுத்துவிட்டு வந்து பேசச் சொல்லுங்கள். பகல் நேரத்தில் பத்து நிமிடம் வந்து பார்ப்பவர்களுக்கு நாய் எப்போதுமே 'நல்லாத்தானே இருக்கு' என்றுதான் தெரியும்.

இனி அந்த வாலுக்கு வருவோம்.

வாலாட்டுவது அவன் உங்களை அடையாளம் கண்டுகொண்டதற்குச் சாட்சி. வலி இல்லை என்பதற்குச் சாட்சி இல்லை. உடம்பு முழுக்க நோய் பரவிய நாய்கூட வளர்த்தவர் குரல் கேட்டால் வாலை அசைக்கும். நாய்கள் வலியை ஊரைக் கூட்டிச் சொல்வதில்லை, பூனைகள் அதைவிட மோசம். ஆகவே வாலை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். சும்மா படுத்திருக்கும்போதும் மூச்சிரைக்கிறதா? இரவில் ஒரு நிலையில் படுக்க முடியாமல் மாறி மாறிப் புரள்கிறானா? முன்பு எந்தச் சத்தம் கேட்டு ஓடி வருவானோ, அதற்கு இப்போது காது மட்டும்தான் திரும்புகிறதா? அவனுக்கென்று சில ஆசைகள் இருந்திருக்கும்: வாசல்படியில் உட்கார்வது, மகனின் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, ஏதோ ஒன்று. அதில் எது மிச்சம் இருக்கிறது?

இதை அளந்து பார்க்க ஒரு வழி உண்டு. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004-ல் ஓர் அளவுகோலை வகுத்தார். வலி, பசி, உடம்பில் நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழு விஷயங்களுக்கும் ஒவ்வொன்றுக்கு 10 வரை மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது கணக்கு. பல டாக்டர்கள் இதைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். எனக்கு இதில் ஒரே ஒரு சந்தேகம்தான்: பாசம் வைத்தவர் கை தாராளமாக மார்க் போடும். இரண்டு வாய் சாப்பிட்டதற்குப் பத்துக்கு ஏழு போட்டுவிடுவோம். அதனால் நீங்களும் கணவரும் ஒருவருக்கொருவர் காட்டாமல் தனித்தனியாகப் போடுங்கள், இரண்டு மூன்று நாள். அப்புறம் எடுத்துச் சேர்த்துப் பாருங்கள். எங்கே இரண்டும் வேறுபடுகிறதோ அங்கேதான் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது.

தலையைத் திருப்பிக்கொள்கிறான் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றியும் ஒன்று. அவன் கூச்சப்படுகிறான் என்று நினைத்து நீங்கள் அழுதிருப்பீர்கள். நாய்களின் 'தப்பு செய்த முகத்தை' அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்து 2009-ல் எழுதினார். நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதைவிட, வளர்த்தவர் திட்டுகிறாரா என்பதை ஒட்டித்தான் அந்த முகம் வந்தது. நீங்கள் திட்டவில்லை, தெரியும். ஆனால் உங்கள் முகத்தில் இருக்கும் கலக்கத்தை அவன் படித்துக்கொண்டிருக்கலாம். துணியை மாற்றும்போது அவனோடு ஏதாவது சாதாரணமாகப் பேசிக்கொண்டே மாற்றுங்கள். அவனுக்குப் புரிவது குரல்தான்.

சரி, எந்த நாள்? சரியான நாள் என்று ஒன்று வந்து கதவைத் தட்டாது. 'அவனே சொல்லுவான், அவன் கண்ணைப் பார்த்தாலே தெரியும்' என்று பலர் சொல்வார்கள். சிலருக்கு அப்படித் தெரிந்தும் இருக்கலாம். அதை நம்பிக் காத்திருந்து, நடுராத்திரியில் வலிப்போடு தூக்கிக்கொண்டு, முன்பின் தெரியாத டாக்டரிடம் ஓடியவர்களும் இருக்கிறார்கள். அவசரத்தில் எடுக்கப்படும் முடிவில் விடைகொடுக்க நேரம் இருக்காது. கால்நடை மருத்துவர்களோடு பேசினால் பெரும்பாலும் ஒன்றையே சொல்வார்கள்: ஒரு நாள் தாமதமாவதைவிட ஒரு வாரம் முந்துவது மேல். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அப்படியானால் அவன் வாலாட்டிக்கொண்டிருக்கும்போதேதான் போக நேரிடும். உங்களுக்கு இது கொடுமையாகத் தெரிகிறது. வாலை அசைக்கக்கூடத் தெம்பில்லாத நாளுக்காகக் காத்திருப்பது மட்டும் அவனுக்குக் கருணையா?

நாள் குறிக்கும் முன் டாக்டரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "இவன் உங்கள் நாயாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" நேரடியாகக் கேட்டால் பலர் நேரடியாகப் பதில் சொல்வார்கள். மிச்ச நாட்களுக்குக் குமட்டலையும் வலியையும் குறைக்க என்ன தரலாம் என்றும் கேளுங்கள். தயவுசெய்து வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென் போன்றவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூனைக்கு ஒரு பாராசிட்டமால் மாத்திரையே உயிருக்கு ஆபத்து.

அன்று என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதுதான் பாதி பயம். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். முதலில் ஒரு மயக்க ஊசி. எல்லா இடத்திலும் இது வழக்கம் இல்லை, வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குத்தும்போது சுருக்கென்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் தலை கனத்து உங்கள் மடியில் சாய்ந்துவிடுவான், குறட்டைகூட விடலாம். பிறகு முன்னங்காலில் சிறிது முடியை மழித்துவிட்டு, டிரிப்ஸுக்குப் போடுவது போன்ற சின்னக் குழாயை ரத்தக் குழாயில் பொருத்துவார்கள். அதன் வழியாக ஏற்றுவது பெரும்பாலும் பென்டோபார்பிட்டால் போன்ற மருந்து. அதுவும் மயக்க மருந்து வகைதான், அளவை மிக அதிகமாக்கிக் கொடுக்கிறார்கள். முதலில் மூளை அடங்கி நினைவு போகிறது. அதற்குப் பிறகுதான் மூச்சு, கடைசியில் இதயம். மூச்சு நிற்பது அவனுக்குத் தெரியாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடம்தான் ஆகும். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வார்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, பார்த்தவர்கள் பயந்துபோகிறார்கள். கண்கள் திறந்தே இருக்கும். ஒன்றிரண்டு முறை பெரிதாக மூச்சு இழுப்பதுபோலத் தோன்றலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் போகலாம். அவை உடம்பின் அனிச்சைச் செயல்கள். அவன் திரும்பி வரவும் இல்லை, கஷ்டப்படவும் இல்லை. உடன் வருகிறவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். இன்னொன்று, அந்த மருந்து உடலிலேயே தங்கியிருக்கும். புதைப்பதானால் வேறு விலங்குகள் தோண்டி எடுக்க முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும். முடியாவிட்டால் எரியூட்டுவது நல்லது.

வீட்டுக்கே வந்து செய்யும் டாக்டர்களும் இருக்கிறார்கள், விசாரியுங்கள். வண்டியில் ஏற்றி இறக்கும் வலி மிச்சம். நீங்கள் கூடவே இருக்க வேண்டுமா என்றால், முடிந்தால் இருங்கள். மயக்கம் வரும்வரை உங்கள் குரலும் வாசனையும் பக்கத்தில் இருந்தால் அவன் பதறாமல் இருப்பான். முடியவே முடியாது என்றால் மயக்க ஊசி வேலை செய்த பிறகு வெளியே வந்துவிடலாம். அதில் துரோகம் எதுவும் இல்லை.

மகனிடம் இன்றே பேசுங்கள். 'டிங்குவைத் தூங்க வைக்கப் போகிறோம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளைகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, தாங்கள் தூங்கவே பயப்படுவார்கள். 'பண்ணைக்கு அனுப்பிவிட்டோம்' என்பதும் வேண்டாம், ஒருநாள் தெரிந்தே தீரும். உடம்பு இனி சரியாகாது, வலிக்கிறது, வலி தெரியாமல் சாக டாக்டர் மருந்து கொடுப்பார் என்று அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். 9 வயதுப் பையன் நாம் நினைப்பதைவிட நன்றாகத் தாங்குவான். ஆனால் முடிவில் அவன் கருத்தைக் கேட்காதீர்கள். அந்தப் பாரம் பெரியவர்களுடையது. அவன் வேண்டாம் என்று சொல்லி, நீங்கள் மீறிச் செய்தால் பிறகு அதை எப்படிச் சமாளிப்பீர்கள்? கூட இருக்க விரும்புகிறானா, முன்பே டாட்டா சொல்லிவிடுகிறானா என்பதை மட்டும் அவனிடம் விடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் குற்ற உணர்வு வரும். சீக்கிரம் செய்தவர்களுக்கு 'இன்னும் ஒரு வாரம் வைத்திருக்கலாமே' என்று வரும், தாமதித்தவர்களுக்கு 'ஏன் அத்தனை நாள் படவிட்டேன்' என்று வரும். வராத வழி எனக்குத் தெரிந்து இல்லை, அதனால் அது வந்துவிட்டது என்பதை வைத்து முடிவு தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'முன்பே கவனித்திருந்தால்' என்று தோன்றினால் இதை நினைவில் வையுங்கள்: சிறுநீரகம் ஏறக்குறைய முக்கால் பங்கு வேலையை இழந்த பிறகுதான் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு ஏறுவது தெளிவாகத் தெரியும். டாக்டருக்கே அவ்வளவு தாமதமாகத் தெரிவது உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அப்புறம், முதல் இரவில் நிம்மதியாகத் தூங்கிவிட்டால் அதற்காகவும் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். மாதக்கணக்கில் இரவும் பகலும் பார்த்துக்கொண்டவருக்கு உடம்பு அசந்துபோவது இயல்பு.

'நாய்க்காகவா இப்படி?' என்று கேட்பவர்கள் வருவார்கள். ஊர் துக்கம் என்று ஒப்புக்கொள்ளாத துக்கம் தனிவகை என்று கென்னத் டோகா என்ற அமெரிக்க அறிஞர் 1989-லேயே எழுதிவிட்டார். யாரும் விசாரிக்க வராததாலேயே அது உள்ளுக்குள் இறுகும் என்பதுதான் அதன் தொல்லை. அவனைத் தெரிந்த இரண்டு பேரிடம் மட்டும் மனம்விட்டுப் பேசுங்கள், போதும். ஒரு நாள் அலுவலகத்துக்கு லீவு போட வேண்டியிருந்தால் காரணம் விளக்காமல் போடுங்கள். சில வாரங்கள் கடந்தும் சாப்பாடு, தூக்கம், வேலை மூன்றும் தடுமாறினால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

கடைசியாக, அந்த வாரமே யாராவது ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள், அனேகமாக உங்கள் அண்ணனாகவே இருக்கலாம். நல்லெண்ணம்தான். ஆனால் அடுத்த குட்டி வேண்டுமா, எப்போது என்பதை நீங்களும் மகனும்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவரை கொண்டுவர வேண்டாம் என்று அவரிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.