கேட்ரிட்ஜில் இல்லாத ஆட்டத்தை எந்த அப்டேட்டும் கொண்டுவராது

கேள்வி: மகளுக்காக நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவிக்கான 'ஃபைனல் ஃபேன்டஸி எக்ஸ் / எக்ஸ்-2 எச்டி ரீமாஸ்டர்' கேட்ரிட்ஜை (ஆட்டம் பதிந்த சின்ன அட்டை) செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பெட்டியில் இரண்டு ஆட்டங்களின் பெயரும் இருக்கிறது, ஆனால் போட்டால் முதல் ஆட்டம் மட்டும்தான் வருகிறது. அவள் அதை முடித்துவிட்டாள், அடுத்த பாகம் வேண்டும் என்று நச்சரிக்கிறாள். விற்றவர் "அப்டேட் போடுங்க சார், வந்துடும்" என்கிறார். இன்னொருவர் டவுன்லோடு கோடு மட்டும் தனியாகத் தருகிறேன் என்கிறார். மைத்துனர் அடுத்த மாதம் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். என்ன செய்யலாம்? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: முதலில் அந்த அப்டேட் கதையை விட்டுவிடுங்கள். வராது. உங்கள் கையில் இருப்பது அமெரிக்க அல்லது ஐரோப்பியப் பதிப்பாகத்தான் இருக்க வேண்டும். 2019 ஏப்ரலில் இது ஸ்விட்சுக்கு வந்தபோது அந்த ஊர்ப் பெட்டிகளில் கேட்ரிட்ஜுக்குள் முதல் ஆட்டமான எக்ஸ் மட்டும் இருந்தது, அடுத்த பாகமான எக்ஸ்-2 வேண்டும் என்றால் பெட்டிக்குள் ஒரு சீட்டு, அதில் ஒரு டவுன்லோடு கோடு. அந்தக் கோடை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். முதலில் வாங்கியவர் தன் கணக்கில் ஏற்றியிருப்பார், அத்தோடு அது தீர்ந்தது. நீங்கள் வாங்கியது அரைப் பொருள், அதற்கு முழு விலை கொடுத்திருந்தால் விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தயங்காதீர்கள்.

பெட்டியில் இது எழுதியிருக்குமே என்றால், எழுதியிருக்கும்தான், ஆங்கிலத்தில், டவுன்லோடு தேவை என்று. பிள்ளைக்காகக் கடைக்குப் போகிற அப்பாவோ அம்மாவோ அதை நின்று படிப்பார்களா? பெரிய எழுத்தில் இரண்டு ஆட்டங்களின் பெயரைப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் உள்ளே வைப்பது எனக்கு இன்றுவரை ஜீரணிக்க முடியாத விஷயம். 2014-இல் சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ் வீட்டாவுக்கு மேற்கத்திய நாடுகளில் இதே தொகுப்பை விற்றபோதும் இதையேதான் செய்தார்கள், ஐந்து வருடம் கழித்தும் திருந்தவில்லை. கொள்ளளவு கூடிய கேட்ரிட்ஜுக்கு விலை கூடும், அந்தச் சுமையை வாங்குகிறவரின் இணைய இணைப்பின் மேல் தள்ளிவிடுகிறார்கள். முடியாத காரியமும் இல்லை, ஏனென்றால் ஆசியச் சந்தைக்கு வந்த ஸ்விட்ச் பதிப்பில் இரண்டு ஆட்டமும் கேட்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கின்றன.

அதனால் மைத்துனரிடம் கேட்க வேண்டியது அந்த ஆசியப் பதிப்பைத்தான். ஆனால் சிங்கப்பூரில் வாங்கினாலே ஆசியப் பதிப்பு என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே அமெரிக்க இறக்குமதியும் அதே அலமாரியில் இருக்கலாம். பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். டவுன்லோடு பற்றிய வாசகம் எங்கேயும் இருக்கக் கூடாது, மொழிப் பட்டியலில் ஆங்கிலம் இருக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் ஒரு சோதனை சொல்கிறேன். விற்பவர் தன் ஸ்விட்சில் எக்ஸ்-2-ஐ ஓட்டிக் காட்டுவார், அதன் நாயகிகள் யூனாவும் ரிக்குவும் திரையில் வந்தவுடன் நாம் நம்பிவிடுவோம். நம்பாதீர்கள். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்ரிட்ஜை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். கேட்ரிட்ஜிலிருந்து ஓடுகிற ஆட்டம் அந்த நொடியே நின்றுவிடும். எடுத்த பிறகும் யூனா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால் அது அவர் கணக்கில் இறங்கிய டவுன்லோடு, உங்கள் வீட்டுக்கு வராது.

அப்புறம் அந்தக் கோடு விற்பவர். இவர்களைப் பற்றித்தான் எனக்குக் கோபம் அதிகம். கோடு என்பது 16 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி, அவ்வளவுதான். அது செல்லுமா, ஏற்கெனவே பயன்படுத்தியதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது, நிண்டெண்டோவின் இணையக் கடையான ஈஷாப்பில் அடித்தால்தான் தெரியும். ஒரே கோடைப் பத்துப் பேருக்கு அனுப்பினாலும், முதலில் அடித்தவருக்கு மட்டும் ஆட்டம், மற்றவர்கள் விற்றவரின் போன் நம்பரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதைவிட மோசம், "கணக்கையே தருகிறேன், லாகின் போட்டு ஆடிக்கோங்க" என்று பாதி விலைக்கு விற்பவர்கள். நிறுவனத்தின் விதிப்படி அது செல்லாது, விற்றவர் பாஸ்வேர்டை மாற்றிய அன்று உங்கள் மகளின் ஆட்டமும் போய்விடும், யாரிடமும் புகார் செய்ய முடியாது.

கோடு உண்மையானதாகவே இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்விட்ச் கேட்ரிட்ஜுக்கு நாட்டு எல்லை கிடையாது, எங்கே வாங்கினாலும் உங்கள் ஸ்விட்சில் ஓடும். கோடு அப்படியில்லை. அமெரிக்கப் பெட்டியில் வந்த கோடு ஐரோப்பியக் கணக்கில் ஏறாது, ஐரோப்பியக் கோடு அமெரிக்கக் கணக்கில் ஏறாது. உங்கள் ஸ்விட்சை எங்கே வாங்கினீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, நிண்டெண்டோ கணக்கு தொடங்கும்போது எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதுதான் முக்கியம். அந்த நாட்டை நிண்டெண்டோ தளத்தில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஈஷாப்பில் பணம் மிச்சம் இருந்தால் மாற்ற விடாது, முதலில் அதைச் செலவழிக்க வேண்டும். பல பேர் "கோடு போலி" என்று திட்டிக்கொண்டிருப்பது இந்த ஒரு காரணத்தால்தான். கோடு நல்லது, கணக்கின் நாடு தப்பு.

ஈஷாப்பில் நேராக வாங்கலாமே என்றால் வாங்கலாம், ஆனால் இரண்டும் சேர்ந்த தொகுப்பாக, எக்ஸுக்கும் மறுபடி காசு கொடுத்துத்தான். தள்ளுபடி வரும் வரை பொறுங்கள். பழைய ஸ்விட்சின் உள் நினைவகம் 32 ஜிபிதான், மெமரி கார்டு ஒன்று தேவைப்படலாம்.

வீட்டில் சோனியின் பிளேஸ்டேஷன் (பிஎஸ்4 அல்லது டிஸ்க் போடுகிற பிஎஸ்5) இருந்தால் இத்தனை தலைவலியே வேண்டாம். 2015-இல் வந்த பிஎஸ்4 டிஸ்கில் இரண்டு ஆட்டமும் இருக்கின்றன, பழைய டிஸ்கே போதும். ஸ்விட்சில் முதல் பாகம் முடித்ததை எப்படி அங்கே கொண்டுபோவது என்று மகள் கேட்டால், தேவையே இல்லை என்று சொல்லுங்கள். எக்ஸில் சேர்த்த எதுவும் எக்ஸ்-2-வுக்கு வராது. கதை இரண்டு வருடம் கழித்துத் தொடங்குகிறது, யூனா புதிதாகத்தான் ஆரம்பிக்கிறாள், எந்தக் கருவியில் ஆடினாலும் அதே நிலைதான். சண்டை முறையும் வேறு. எக்ஸில் நம் முறை வரும்வரை எதிரி காத்திருப்பான், இங்கே நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், முதல் சில மணி நேரம் தடுமாறுவாள். பேச்சுக் காட்சிகளை அவசரத்தில் தாண்டிவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். கதையின் முழுமையான முடிவைப் பார்க்க, ஆட்டம் காட்டும் நிறைவுக் கணக்கில் நூறு சதவீதம் சேர வேண்டும், சில காட்சிகளைத் தாண்டினால் அதில் குறைந்துவிடும். குறைந்தாலும் அழ வேண்டியதில்லை, ஆட்டத்தை முடித்துவிட்டு நியூ கேம் பிளஸ் என்ற தேர்வில் மறுபடி தொடங்கினால் சேர்த்த சதவீதம் அப்படியே தொடரும்.