பல நாடுகள் சேர்ந்து நடத்தும் வளர்ச்சி அமைப்பில் 'திட்டமிடல், மதிப்பீடு' பிரிவுக்கு என்ன வேலை?

எந்த வேலையை, யாருக்காக, என்ன மாற்றத்தை எதிர்பார்த்துச் செய்கிறோம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது திட்டமிடல். அந்த மாற்றம் நிஜமாகவே வந்ததா என்று பிறகு போய்ப் பார்ப்பது மதிப்பீடு.

காத்மாண்டுவில் 1983-இல் தொடங்கிய இசிமோட் என்ற மலைப்பகுதி வளர்ச்சி மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா, நேபாளம், சீனா, பாகிஸ்தான் உட்பட 8 நாடுகள் அதில் உறுப்பினர்கள். ஒவ்வோர் அரசுக்கும் ஓர் அவசரம். போதாததற்கு நிதி தரும் வெளிநாடுகள் வேறு. 'எதற்கு இது?' என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட பதில் காகிதத்தில் இல்லையென்றால் பின்னால் இழுபறிதான்.

மதிப்பீட்டுக்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்பது, காபி விளையும் ஏற்காட்டுக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். காபி நாற்று எத்தனை நட்டோம் என்பது அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். செடி காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். சில்வர் ஓக் நிழல் சரியாக இருந்ததா, கோடை மழைக்குப் பூ பிடித்ததா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் தோட்டம் தேறியதா என்று சொல்ல முடியும். நடத்திய பயிற்சி முகாம்களை எண்ணுவது நாற்றை எண்ணுவது மாதிரிதான். பல அறிக்கைகள் அதோடு நின்றுவிடுகின்றன என்பது என் எண்ணம்.

அப்புறம், மதிப்பீடு என்றால் தணிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். தணிக்கை ரசீதையும் விதியையும் பார்க்கும். மதிப்பீடு, அந்தச் செலவால் மலைக்கிராமத்து ஊற்றில் தண்ணீர் கூடியதா என்று பார்க்கும்.